பிடிச்ச டிடிஎஸ் காசைத் திரும்ப வாங்குறது எப்படி: கொத்தனார், சமையல் மாஸ்டர், மில்லு வேலைக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பகல்ல காரைக்குடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன், ஞாயித்துக்கிழமை காலைல நம்ம பக்கத்து வேலைக்காரங்களுக்கு ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட்டுக் குடுக்க உக்காருவேன். ஆத்தங்குடி கல்லு பதிக்கிறவங்க, பழைய வீட்டை ஹோட்டலா மாத்துற இடத்துல சுண்ணாம்பு பூசுறவங்க, கார் ஓட்டுறவங்க, நூல் மில்லுல இருந்து நின்ன பொம்பளப்புள்ளைக, இவங்கதான் வருவாங்க. எல்லாருக்கும் ஒரே கதைதான்: யாரோ பில்லுல இருந்து முன்கூட்டியே வரி பிடிச்சிட்டாங்க (அதுதான் டிடிஎஸ்), ஆனா இவங்களோட வருமானத்துக்கு வரியே கிடையாது.

அந்தக் காசு தானா திரும்பி வராது. ரிட்டர்ன் போட்டுக் கேட்டாத்தான் வரும். எங்கூட உதவிக்கு வர்ற தம்பிங்க திரும்பத் திரும்ப ஒரே எடத்துல இடறுறதப் பாத்துதான், அவங்கள மாதிரி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நம்பர் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1ல இருந்து 2026 மார்ச் 31 வரைக்கும் சம்பாதிச்சதுக்கு. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், அதுக்கப்புறம் சம்பாதிக்கிறதுக்கு செக்‌ஷன் நம்பரும் ஃபார்ம் நம்பரும் மாறும், அத மனசுல வச்சுக்கங்க.

1. முதல்ல யாருக்குக் காசு வரும்னு பாருங்க

புது வரி முறைல 4 லட்சம் வரைக்கும் வரி கிடையாது. 4 லட்சத்துக்கு மேல 12 லட்சம் வரைக்கும் கணக்குல வரி வரும், ஆனா வரிச் சட்டத்தோட 87ஏ பிரிவுத் தள்ளுபடி 60,000 ரூபா வரைக்கும் இருக்கறதால அதுவும் சைபராயிடும். அப்ப நம்மகிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் பிடிச்ச காசு மொத்தமும் திரும்ப வரணும்.

எங்கெல்லாம் பிடிச்சிருப்பாங்கன்னா, காண்ட்ராக்ட் வேலைக்கு வரிச் சட்டத்தோட 194சி பிரிவுல 1 சதவீதம் (ஒரே பில்லு 30,000க்கு மேல, இல்லன்னா வருஷத்துக்கு மொத்தம் 1 லட்சத்துக்கு மேல போனா). புரொஃபஷனல் ஃபீஸ்னு எழுதுனா 194ஜேல 10 சதவீதம். 5 வருஷ சர்வீஸ் ஆகறதுக்கு முன்னாடி பிஎஃப் எடுத்து அது 50,000 இல்ல அதுக்கு மேல இருந்தா 192ஏல 10 சதவீதம். பேங்க் டெபாசிட் வட்டி ஒரு வருஷத்துல 50,000 தாண்டுனா 10 சதவீதம், 60 வயசானவங்களுக்கு அது 1 லட்சம். இதுல எங்கயும் பான் குடுக்கலைன்னா 20 சதவீதம் போயிரும்.

"அப்பு, வரி கட்டுற அளவுக்கு நமக்கு ஏது வருமானம், நம்ம எதுக்கு இதெல்லாம் போடணும்"னு கேப்பாங்க. வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லாததாலதான் போடணும்ணேன்னு சொல்லுங்க. இன்னொண்ணு, பிடிச்ச டிடிஎஸ் வருஷத்துக்கு 25,000 இல்ல அதுக்கு மேல ஆயிருச்சுன்னா வருமானம் எவ்வளவு கம்மியா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும் (60 வயசுக்கு மேலன்னா 50,000).

திரும்ப வராத காசும் இருக்கு. ஆன்லைன் கேம், லாட்டரி மாதிரி ஜெயிச்ச பணத்துக்குப் பிடிச்ச 30 சதவீதம் வராது, அதுக்கு 4 லட்சக் கணக்கும் கிடையாது தள்ளுபடியும் கிடையாது. ஒரு டிரைவர் தம்பி இதுக்காக மூணு ஞாயிறு வந்தாரு, முதல் ஞாயிறே கேட்டிருந்தா அவருக்கும் பெட்ரோல் மிச்சம் எனக்கும் டீ மிச்சம்.

2. அவசரப்படாதீங்க, ஜூன் நடுவுல ஆரம்பிங்க

மாசி பங்குனி திருவிழா முடியறப்ப நிதியாண்டும் முடிஞ்சிரும், ஏப்ரல் மொத வாரமே வந்து உக்காந்துருவாங்க. அப்ப போட்டா பாதிக் காசுதான் தெரியும். ஏன்னா ஜனவரி-மார்ச்ல பிடிச்ச காசுக்கு முதலாளி கணக்குக் குடுக்க மே 31 வரைக்கும் டைம் இருக்கு, வரி பிடிச்சதுக்கு அவங்க குடுக்கிற சர்டிஃபிகேட், ஃபார்ம் 16ஏ, கையில வர ஜூன் 15 ஆகும்.

ஜூலை 31க்குள்ள போட்டு முடிச்சிருங்க. சில வருஷம் கடைசி தேதிய நீட்டிப்பாங்க, 2025ல செப்டம்பர் 16 வரைக்கும் போச்சு, அத நம்பி உக்காராதீங்க. விட்டுட்டா டிசம்பர் 31 வரைக்கும் தாமத ரிட்டர்ன் போடலாம், ரீஃபண்டும் (பிடிச்ச காசு திரும்ப வர்றது) கிடைக்கும், ஆனா மொத்த வருமானம் 4 லட்சத்துக்கு மேல 5 லட்சம் வரைன்னா 1,000 ரூபா லேட் ஃபீ, அதுக்கும் மேலன்னா 5,000. 4 லட்சத்துக்குள்ளன்னா, டிடிஎஸ் அளவால கட்டாயம் ரிட்டர்ன் போட வேண்டியவங்களத் தவிர, அந்த ஃபீ இல்ல.

அப்ப ஏப்ரல்-மே சும்மா இருக்கறதா? இல்ல, அடுத்த ரெண்டு படியும் அப்பத்தான் செய்யணும்.

3. பேரு, பான், ஆதார், பேங்க்: நாலும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க

இதத்தான் எல்லாரும் கடைசில பாப்பாங்க, நான் முதல்ல பாக்கச் சொல்வேன். ரிட்டர்ன் போட அரை மணி நேரம் போதும், பேரைச் சரி பண்ண ரெண்டு மாசம் ஆகும்.

நம்ம ஊர் இனிஷியல்தான் மொத வில்லன். பான்ல இனிஷியல் போட முடியாது, அப்பா பேரை முழுசா விரிச்சு எழுதணும், அதனால பான்ல "முத்தையா கருப்பையா"ன்னு இருக்கும். பேங்க் பாஸ்புக்ல "கரு. முத்தையா". ஆதார்ல "முத்தையா க". செட்டிநாட்டுல ஒத்தை எழுத்து இனிஷியலே பத்தாது, அரு., மெய்., பழ.ன்னு போட்டுக்கிட்டாத்தான் நமக்குத் திருப்தி, கம்ப்யூட்டருக்கு அது மூணும் மூணு ஆளு.

பான்-ஆதார் இணைச்சாச்சான்னு பாருங்க. இணைக்காத பான் 2023 ஜூலை 1ல இருந்து செயல்படாத பான். அதுக்கு ரீஃபண்ட் வராது, அடுத்தடுத்து டிடிஎஸ்ஸும் 20 சதவீதமாப் பிடிப்பாங்க. இணைக்க 1,000 ரூபா கட்டணம் ஆகும். 600 ரூபா ரீஃபண்டுக்கு 1,000 கட்டணுமான்னு கேட்டா அந்த வருஷத்துக்கு நஷ்டம்தான், ஆனா தொடர்ந்து காண்ட்ராக்ட் எடுக்கிற ஆளுன்னா கட்டிருங்கன்னுதான் சொல்வேன்.

பான் கார்டு தொலைஞ்சு போச்சுன்னா புதுசு வாங்காதீங்க, பழைய நம்பரைத் தேடி எடுங்க. ஒருத்தருக்கு ரெண்டு பான் இருக்கக் கூடாது, அதுக்கு 10,000 வரைக்கும் அபராதம் இருக்கு. நெசமாவே பான் எடுக்காதவங்கன்னா ஆதார் ஓடிபி வச்சு வருமான வரித் துறை வெப்சைட்டுலயே (போர்டல்) இலவசமா உடனடி இ-பான் எடுக்கலாம், எந்தக் கடைலயும் 300 குடுக்க வேண்டியதில்ல.

பேங்க் அக்கவுண்ட்ல பான் ஏத்தியிருக்கணும், பேரு பான்ல உள்ள மாதிரி இருக்கணும், அக்கவுண்ட் தூங்கிப் போயிருக்கக் கூடாது. பழைய பாஸ்புக்க கொண்டாந்து குடுப்பாங்க, பேங்க் வேற பேங்கோட சேந்து ஐஎஃப்எஸ்சி மாறிருக்கும், அதையும் பாருங்க. திருத்தணும்னா பான் நகலோட பிராஞ்ச்சுக்கு அனுப்பி கேஒய்சி மாத்திட்டு வரச் சொல்லுங்க.

4. போர்டல்ல பதிவு பண்ணுங்க, அவங்க போன்ல

வருமான வரித் துறையோட போர்டல்ல பான் நம்பர்தான் யூசர் பேரு. ஆதாரோட இணைஞ்ச போன் நேர்ல இருக்கணும், ஆதார் ஓடிபி அதுக்குத்தான் வரும். "நம்பர் மகன்கிட்ட இருக்கு, அவன் திருப்பூர்ல இருக்கான்"ங்கற பதில் வாரா வாரம் கேட்டிருக்கேன், அதனால வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுருங்க.

மொபைல் நம்பரும் மெயிலும் அவங்களோடதா இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்ல சொந்த மெயிலப் போட்டு விட்டுருவாங்க, அப்புறம் நோட்டீஸ் அந்த மெயிலுக்குப் போகும், கடை மூடிட்டா யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு கொத்தனாருக்கு 15 நாள்ல பதில் சொல்ல வேண்டிய நோட்டீஸ், நாங்க பாத்தப்ப எட்டு மாசம் ஆயிருந்துச்சு.

பாஸ்வேர்ட அவங்க நோட்டுல எழுதிக் குடுங்க. நீங்க வச்சுக்காதீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கை உங்களத்தான் காட்டும்.

உள்ள போனதும் புரொஃபைல்ல பேங்க் அக்கவுண்ட சேத்து சரிபார்ப்புக்கு விடுங்க. "வேலிடேட்டட்"னு வந்து, ரீஃபண்டுக்கு அந்த அக்கவுண்டுனு தேர்வும் ஆயிருக்கணும். பேர் பொருந்தலைன்னு வந்தா திரும்பவும் மூணாவது படிதான்.

5. 26ஏஎஸ் எடுத்து உக்காந்து படிங்க

26ஏஎஸ்ங்கறது உங்க பான்ல பிடிச்ச வரியோட பட்டியல், போர்டல்லயே பாக்கலாம். யாரு, எந்தத் தேதில, எவ்வளவு குடுத்தாங்க, எவ்வளவு பிடிச்சாங்க, எந்த செக்‌ஷன்ல பிடிச்சாங்கன்னு வரிசையா இருக்கும். ஏஐஎஸ்ஸும் (வருஷ வருமானத் தகவல் அறிக்கை) எடுத்து வச்சுக்கங்க, அதுல பேங்க் வட்டி மாதிரி மத்த வருமானமும் தெரியும்.

இங்க ஒவ்வொரு வரியையும் ஆளுகிட்ட வாசிச்சுக் காட்டிக் கேளுங்க, "இந்த வேலை செஞ்சீங்களா, இந்தக் காசு வந்துச்சா"ன்னு. ஏன்னா தப்பு ரெண்டு பக்கமும் நடக்கும்.

காசு பிடிச்சாங்க ஆனா 26ஏஎஸ்ல இல்லன்னா மூணு காரணம் இருக்கலாம்: முதலாளி இன்னும் கணக்குக் குடுக்கல, பான்ல ஒரு எழுத்துத் தப்பாப் போட்டு வேற ஆளு கணக்குக்குப் போயிருச்சு, இல்ல பிடிச்ச காசைக் கட்டவே இல்ல. மூணுக்கும் போக வேண்டிய எடம் அந்த முதலாளியோட கணக்குப்பிள்ளைதான், வரி ஆபீஸ் இல்ல. திருத்த ஸ்டேட்மென்ட் அவங்கதான் போட முடியும். சண்டை போடாம, பில்லு நகலும் பான் நகலும் கையில வச்சுக்கிட்டு, "அண்ணே, இந்த ஒரு எழுத்த மட்டும் சரி பண்ணி விட்டுருங்க"ன்னு கேட்டா முக்காவாசி நேரம் நடந்துரும். நான் கூடப் போயிருக்கேன், ஒரு தடவை ரெண்டு மணி நேரம் திண்ணைல உக்கார வச்சாங்க, ஆனா சரி பண்ணிக் குடுத்தாங்க.

கட்டாமலே விட்டிருந்தா, பிடிச்ச அந்த வரிய வேலைக்காரர்கிட்ட மறுபடி கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல 205வது செக்‌ஷன் இருக்கு. ஆனா ரீஃபண்ட் கைக்கு வர 26ஏஎஸ்ல ஏறித்தான் ஆகணும். அதனால பில்லு, பாஸ்புக், ஃபார்ம் 16ஏ மூணையும் பத்திரமா வைக்கச் சொல்லுங்க.

6. எந்த ஃபார்ம்னு முடிவு பண்ணுங்க

26ஏஎஸ்ல என்ன செக்‌ஷன் இருக்கோ அதுதான் ஃபார்ம முடிவு பண்ணும். நம்ம ஆசை இல்ல.

சம்பளம், பிஎஃப், வட்டி மட்டும்னா ஐடிஆர்-1. 194சி இருந்தா அது தொழில் வருமானம், ஐடிஆர்-4. புதுசா வர்ற தம்பிங்க ஐடிஆர்-1 ஈஸின்னு கொத்தனார் காசையும் சம்பளம்னு போட்டுருவாங்க, பிடிச்சது காண்ட்ராக்ட்டுக்கு, காட்டுனது சம்பளம்னு பெங்களூர்ல ரிட்டர்னச் சரிபாக்கிற சிபிசி மையத்தோட கம்ப்யூட்டர் பாத்துட்டு குறைபாடுள்ள ரிட்டர்ன்னு நோட்டீஸ் அனுப்பிரும்.

சமையல் மாஸ்டர் விஷயம் கொஞ்சம் சிக்கல். மாசம் 30,000 சம்பளம் மாதிரிதான் வாங்குவாரு, ஆனா ஹோட்டல்ல அவரை ஸ்டாஃப் லிஸ்ட்ல சேக்காம 194ஜேல 10 சதவீதம் பிடிச்சிருப்பாங்க. மாசம் 3,000, வருஷத்துக்கு 36,000 ரூபா! அவரோட மொத்த வருமானம் 3,60,000, வரி சைபர், அப்ப முழு 36,000மும் வரணும். ஆனா இத ஐடிஆர்-1ல சம்பளம்னு போடாதீங்க, எந்த ஃபார்ம்ல எந்தத் தலைப்புல காட்டுறதுன்னு ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, இவ்வளவு பெரிய தொகைக்கு அந்த ஃபீஸ் தப்பில்ல. அடுத்த வருஷத்துக்கு ஹோட்டல்ல பேசி சம்பளப் பட்டியல்லயே சேக்கச் சொல்லுங்க, அப்படிப் பண்ணா பிஎஃப்பும் கேக்கலாம்.

ஒரு குடும்பத்துக்காரங்க வீட்டு விசேஷத்துக்குச் சமைச்சதுக்கு, சாந்திக் கல்யாணமோ (அறுபதாம் கல்யாணம்) வீடு குடிபோறதோ, குடும்பத்துக்காரங்க 194சில பிடிக்க வேண்டியதில்ல. அதனால அது 26ஏஎஸ்ல வராது. ஆனா வருமானக் கணக்குல வரும், மறந்துராதீங்க.

7. ரிட்டர்ன் நிரப்புறது: ஒரு கொத்தனார் கணக்கு

ஆத்தங்குடி கல்லு பதிக்கிற ஒருத்தர்னு வச்சுக்குவோம். ஹோட்டலா மாறுற ஒரு வீட்டுல வருஷத்துக்கு 3,60,000 ரூபா வேலை, எல்லாம் பேங்க் வழியா. 1 சதவீதம் பிடிச்சு 3,600 போக கைக்கு வந்தது 3,56,400. வெளில சில்லறை வேலை ரொக்கமா 40,000.

வரவுன்னு எழுத வேண்டியது 3,60,000 + 40,000 = 4,00,000. இங்கதான் எல்லாரும் பாஸ்புக்கப் பாத்து 3,56,400னு எழுதுவாங்க. பிடிச்ச காசும் உங்க வருமானம்தான், அதச் சேக்காம அந்த டிடிஎஸ்ஸ மட்டும் கேட்டா கணக்கு பொருந்தாது, ரீஃபண்ட் நிக்கும்.

சின்னத் தொழிலுக்கு உத்தேச லாபம் காட்டுற 44ஏடி பிரிவுல லாபம் குறைஞ்சபட்சம் பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் காட்டணும். இது குறைஞ்சபட்சம்தான், அவ்வளவுதான் காட்டணும்னு அர்த்தம் இல்ல. கூட வந்த ரெண்டு ஆளுக்குக் கூலி, வண்டி, தளவாடம் எல்லாம் போக அவர் கையில நெசமா நின்னது 2,40,000னா அதத்தான் எழுதணும். அப்பவும் வரி சைபர், ரீஃபண்ட் அதே 3,600. பொய்யாக் குறைச்சு எழுதி ஒரு பைசா லாபம் கிடையாது, நாளைக்கு வண்டி லோனுக்குப் போனா பேங்க்காரன் ரிட்டர்னக் கேப்பான், அதுல 24,800 வருமானம்னு இருந்தா சிரிப்பான்.

அதே ஃபார்ம்ல கையில இருக்க ரொக்கம், வர வேண்டிய பாக்கி, குடுக்க வேண்டிய பாக்கி கேக்கும், மார்ச் 31 நிலவரத்தை எழுதணும், கேக்காம சைபர் போடாதீங்க. வரி முறைல புதுசுதான் தானா இருக்கும், நம்ம ஆளுகளுக்கு அதுவே போதும்.

பிஎஃப் எடுத்த மில்லுப் பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை. மூணு வருஷத்துல வேலைய விட்டு 80,000 எடுத்தா 8,000 பிடிப்பாங்க. அதுல மில்லு போட்ட பங்கும் அதோட வட்டியும் சம்பளத் தலைப்புல வரும், தான் போட்ட பங்குக்கு வந்த வட்டி மத்த வருமானத்துல வரும், தான் போட்ட காசுக்கு (முன்னாடி சேமிப்புக்கான 80சி கழிவுல காட்டலைன்னா) மறுபடி வரி இல்ல. பிஎஃப் பாஸ்புக்க டவுன்லோட் பண்ணிப் பிரிச்சுக்கங்க.

8. "நான் அதிகமா வாங்கித் தர்றேன்"னு வர்ற ஆள விரட்டுங்க

இல்லாத நன்கொடை, இல்லாத இன்சூரன்ஸ், இல்லாத வீட்டு வாடகை எல்லாம் பழைய வரி முறைல போட்டு ரீஃபண்டப் பெருசாக்கி, அதுல பங்கு கேக்கிற ஏஜெண்டுங்க இருக்காங்க. 2025 ஜூலைல இந்த மாதிரிப் பொய்க் கழிவுகளத் தேடி நாடு முழுக்க சோதனை நடந்துச்சு. மாட்டுனா தப்பிச்ச வரில 200 சதவீதம் வரைக்கும் அபராதம், அது ஏஜெண்டுக்கு வராது, பான் வச்சிருக்கவருக்குத்தான் வரும்.

பிடிச்ச தொகைக்கு மேல ஒரு ரூபா ரீஃபண்ட் வர வழியே கிடையாது, வட்டியத் தவிர. 3,600 பிடிச்ச ஆளுக்கு 20,000 வாங்கித் தர்றேன்னு சொன்னா அப்பவே எந்திரிச்சு வந்துருங்க.

9. சப்மிட்டோட முடியல, வெரிஃபை பண்ணுங்க

30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும், இல்லன்னா நாளு கடந்து போட்ட ரிட்டர்னாயிரும், பண்ணவே இல்லன்னா போடாததுக்குச் சமம். ஆதார் ஓடிபி இருந்தா ஒரு நிமிஷ வேலை, ஆளு எந்திரிச்சுப் போறதுக்குள்ள முடிச்சிருங்க. ஓடிபி வழியே இல்லன்னா ஐடிஆர்-விங்கற ஒப்புகைச் சீட்ட பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்ட்ல சிபிசி, பெங்களூரு 560500க்கு அனுப்பணும்.

10. காசு வர்ற வரைக்கும்

கொஞ்ச நாள்ல, ரிட்டர்னச் சரிபாத்த முடிவச் சொல்ற 143(1) இன்டிமேஷன் மெயில் வரும். நம்ம கேட்டதும் அவங்க ஒத்துக்கிட்டதும் ஒண்ணா இருந்தா சரி. பழைய வருஷ பாக்கி ஏதாவது இருந்தா ரீஃபண்ட்ல கழிக்கிறோம்னு 245 நோட்டீஸ் வரும், 21 நாளுக்குள்ள ஒத்துக்கறதோ மறுக்கிறதோ சொல்லணும்.

ரீஃபண்ட் ஃபெயில்னு வந்தா பதறாதீங்க, அக்கவுண்டச் சரி பண்ணிட்டு போர்டல்ல ரீஃபண்ட் ரீஇஷ்யூ கேளுங்க. "உங்க ரீஃபண்ட் அப்ரூவ் ஆச்சு, லிங்க்க அமுக்குங்க"ன்னு வர்ற எஸ்எம்எஸ் எல்லாம் திருட்டு, அத அமுக்குனா இருக்கிற காசும் போகும்.

11. விட்டுப்போன வருஷம், வரப்போற வருஷம்

டிசம்பர் 31ம் போச்சுன்னா அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம்னு சிலபேர் சொல்வாங்க, அதுல ரீஃபண்ட் கேக்க முடியாது. அதுக்கு இருக்க வழி 119(2)(பி)ல தாமத மன்னிப்பு மனு. அந்த மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதிச்ச நிதியாண்டுக்கு அடுத்த வருஷம்) முடிஞ்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள போடலாம், ஏன் தாமதம்னு நியாயமான காரணமும் ஆதாரமும் வேணும். ஆஸ்பத்திரில இருந்தது, வெளிநாட்டுல இருந்தது இதெல்லாம் சீட்டோட குடுத்தா எடுத்துக்குவாங்க. தெரியாதுன்னு மட்டும் எழுதுனா நிக்கிறது கஷ்டம்.

இனிமே பிடிக்காம இருக்க, டெபாசிட் வட்டிக்கும் பிஎஃப்புக்கும் "எனக்கு வரி இல்ல, பிடிக்காதீங்க"ங்கற உறுதிமொழி ஃபார்ம் குடுக்கலாம், 2026 மார்ச் வரைக்கும் அது 15ஜி, 60 வயசுக்கு மேலன்னா 15எச். வட்டிக்கு வருஷா வருஷம் ஏப்ரல்லயே, டெபாசிட் இருக்க எல்லா பேங்க்லயும் குடுக்கணும், பிஎஃப்புக்கு எடுக்கிற மனுவோடவே. 2026 ஏப்ரல்ல இருந்து பேங்க்ல என்ன ஃபார்ம் நம்பர் கேக்குறாங்களோ அத வாங்கி நிரப்புங்க. ஆனா இது 194சிக்குச் செல்லாது. கொத்தனாருங்க 15ஜிய நிரப்பிக் கணக்குப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பாங்க, அவர் அத மடிச்சு மேசை டிராயர்ல போட்டுட்டு வழக்கம் போல 1 சதவீதம் பிடிப்பாரு. காண்ட்ராக்ட் காசுக்கு முன்னாடியே பிடிக்காம இருக்கணும்னா வரி ஆபீஸ்ல மனு (2026 மார்ச் வரைக்கும் ஃபார்ம் 13) போட்டு சர்டிஃபிகேட் வாங்கணும். 3,600 ரூபாக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், ஜூன்ல வந்து ரிட்டர்ன் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க.